பிரேக்குக்கு எந்த கிரீஸ்? இருசக்கர வாகன மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஊர்தோறும், தெருமுனைதோறும் பட்டறை நடத்தும் இருசக்கர வாகன மெக்கானிக் தோழர்களுக்கு,



உங்கள் பட்டறையின் மூலையில் ஒரு கிரீஸ் டப்பா இருக்கும். பெரும்பாலும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஏபி3. வீல் பேரிங்குக்கு அதுதான், கோன்செட்டுக்கு அதுதான், சைடு ஸ்டாண்டு போல்ட்டுக்கும் அதுதான். அந்த இடங்களில் எல்லாம் அது நன்றாகவே வேலை செய்கிறது. அந்த டப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதே டப்பாவிலிருந்து எடுத்த அதே கிரீஸ் டிஸ்க் பிரேக்கின் கேலிப்பர் பின்னிலும் ஏறுகிறதே, அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நான் ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன். சீல், பூட், கப், ஓ-ரிங் என்று வண்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் சின்னச் சின்னக் கறுப்பு வளையங்கள்தான் என் பிழைப்பு. அதனால் பிரேக்கை நான் ரப்பரின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நீங்கள் இரும்பின் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள். இரண்டு பார்வையும் ஓரிடத்தில் சந்திக்காததால்தான் பல வண்டிகளின் முன் பிரேக் காலத்துக்கு முன்பே கெட்டுப்போகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நூற்றைம்பது சிசி வண்டி, முன்னால் டிஸ்க். வாடிக்கையாளர் வந்து, "அண்ணே, பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கு, வண்டி இழுக்க மாட்டேங்குது" என்கிறார். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கனமாகச் சுற்றுகிறது. டிஸ்க்கைத் தொட முடியாத சூடு. கேலிப்பரைக் கழற்றினால் இரண்டு பேடும் ஒரே அளவில் தேயவில்லை. பிஸ்டன் பக்கத்துப் பேடு தகடுவரை போயிருக்கிறது, எதிர்ப் பக்கத்துப் பேடில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. பின்னை உருவினால் வரவில்லை. தட்டி, திருகி எடுத்த பிறகு பார்த்தால் பூட் உப்பிப் போய், தன் பள்ளத்திலிருந்து நழுவி, கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மழைத் தண்ணீர் உள்ளே போய்ப் பின் துருவேறியிருக்கிறது. பின்னை உப்புத்தாளால் தேய்த்து, பழைய பூட்டையே துடைத்து, மறுபடியும் அதே டப்பாவிலிருந்து கிரீஸ் வைத்து மாட்டினால், அடுத்த மழைக்கு அந்த வண்டி திரும்பி வரும்.

அந்தப் பூட் ஏன் உப்பியது? வயதானதால் என்று பலர் நினைக்கிறார்கள். வயதான ரப்பர் இறுகும், வெடிக்கும், பொடியும். உப்பிக் குழைவது எண்ணெய் குடித்ததன் அடையாளம்.

கறுப்பாக, வளைந்துகொடுப்பதாக இருக்கும் ரப்பர் எல்லாம் ஒன்றல்ல. ஃபோர்க்கில் இருக்கும் ஆயில் சீல் பெரும்பாலும் நைட்ரைல் என்ற வகை. ஆண்டுக்கணக்கில் எண்ணெயில் ஊறிக் கிடந்தாலும் தாங்கும், அதற்கென்றே செய்யப்பட்டது. டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சீல், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் கப், பின்னை மூடியிருக்கும் பூட் ஆகியவை பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வகை. இதன் குணம் நேர் எதிர். பிரேக் ஆயிலில் எத்தனை நாள் கிடந்தாலும் கலங்காது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் குடித்து உப்பும்.

காரணம் எளிதுதான். டாட் 3, டாட் 4, டாட் 5.1 பிரேக் ஆயில்கள் கிளைக்கால் வகைத் திரவங்கள். என்ஜின் ஆயிலின் குடும்பமே வேறு. ஈபிடிஎம்மின் மூலக்கூறுகள் பெட்ரோலிய எண்ணெயின் மூலக்கூறுகளோடு நெருங்கிய உறவு உள்ளவை. அதனால் எண்ணெய் ரப்பரின் இழைகளுக்கு நடுவே சுலபமாக நுழைந்து அவற்றைப் பிரித்து விலக்கிவிடும். இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலை காலையில் இருப்பதைப் போல ரப்பர் பருத்துவிடும், பலமும் போய்விடும். கிளைக்காலுக்கு அந்த உறவு கிடையாது, அதனால் உள்ளே நுழையாது. நைட்ரைலில் இந்தக் கணக்கு தலைகீழ். சைக்கிள்களில் வரும் ஷிமானோ ஹைட்ராலிக் பிரேக்கில் கனிம எண்ணெய்தான் ஊற்றுகிறார்கள். அதன் சீலும் அந்த எண்ணெய்க்கு ஏற்ற ரப்பர். எந்தத் திரவம் உள்ளே ஓடுகிறதோ அதற்கேற்ற ரப்பரை ஜோடி சேர்த்துத்தான் பிரேக்கை வடிவமைக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் அந்த ஜோடி கிளைக்காலும் ஈபிடிஎம்மும். மூன்றாவதாக நாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கிரீஸ் இந்த இரண்டோடும் ஒத்துப்போக வேண்டும்.

ஏபி3 எதனால் ஆனது? லித்தியம் சோப்பில் பெட்ரோலிய எண்ணெயைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். கிரீஸ் என்பதே எண்ணெயை ஒரு சோப்பிலோ களிமண்ணிலோ சிறைப்பிடித்து வைத்த பொருள்தான். அழுத்தமும் சூடும் வரும்போது அந்த எண்ணெய் கசிந்து வந்து உராய்வைக் குறைக்கிறது. பக்கத்தில் ஈபிடிஎம் இருந்தால் கசிந்த எண்ணெய் நேராக அதற்குள் போகிறது. கிரீஸின் தரம் எவ்வளவு உயர்ந்தது, விலை எவ்வளவு என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. விலை கூடிய வெளிநாட்டு வீல் பேரிங் கிரீஸும் பெட்ரோலிய எண்ணெயில் செய்ததாக இருந்தால் பூட்டுக்குச் செய்வது அதைத்தான்.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். கழற்றிப் போட்ட பழைய பூட் ஒன்றை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை ஏபி3-க்குள் புதைத்து வையுங்கள், மறு பாதியைச் சிலிக்கான் கிரீஸில் வையுங்கள். ஒரு வாரம் வெயில் படும் இடத்தில் இருக்கட்டும். பிறகு இரண்டையும் துடைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் இழுத்துப் பாருங்கள். உங்களிடம் வேலை கற்கும் பையன்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பூட்டோடு போனால்கூடப் பரவாயில்லை. பிஸ்டன் சீலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இந்த எண்ணெய் போய்ச் சேர்ந்தால் உயிரோடு விளையாட்டாகிவிடும். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிரேக்கின் அழகே இங்கேதான் இருக்கிறது.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சீலைப் பார்த்திருப்பீர்கள். வட்டமான ஓ-ரிங்காக இல்லாமல் சதுர வெட்டு உள்ளதாக இருக்கும். லீவரை அழுத்தும்போது பிஸ்டன் முன்னால் வரும். சீல் அதைப் பிடித்துக்கொண்டே லேசாகச் சாய்ந்து வளையும். லீவரை விட்டதும் சீல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும், திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் இழுத்துக்கொள்ளும். டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னால் இழுக்க வேறு ஸ்பிரிங் கிடையாது. அந்த ரப்பர் வளையமேதான் ஸ்பிரிங். அது உப்பிவிட்டால் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பின்னால் இழுக்கும் துள்ளலும் போய்விடும். பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் இன்னும் நுட்பமான ஏற்பாடு. மேலே இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் அடியில் ஓர் ஊசித்துளை உண்டு. லீவர் முழுதாகத் திரும்பியதும் கப் அந்தத் துளையைத் தாண்டிப் பின்னால் போய், துளை திறக்க வேண்டும். சூட்டில் விரிந்த பிரேக் ஆயில் அதன் வழியாகத்தான் மேலே ஏறும். கப் உப்பியிருந்தால் அந்தத் துளை மூடியே கிடக்கும். பேடு உரசி ஆயில் சூடாகிறது, விரிகிறது, போக வழி இல்லாததால் அழுத்தம் கூடுகிறது, பிரேக் தானாகவே இன்னும் இறுக்குகிறது, சூடு இன்னும் ஏறுகிறது. ஓட்டுகிறவர் லீவரைத் தொடாமலேயே முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலை இப்படித்தான் வருகிறது. லீவர் பிவட்டில் கிரீஸ் வைக்கும்போது அதில் கொஞ்சம் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முனையில் படுகிறது, அங்கிருக்கும் சின்னப் பூட்டுக்குப் போகிறது. கழுவும்போது பெட்ரோல் தெளித்தாலும் அப்படியே. யாரும் பிரேக் ஆயில் டப்பாவுக்குள் வேண்டுமென்றே கிரீஸைப் போடுவதில்லை. ஓரத்தில் பட்டது ஊர்ந்து உள்ளே போகிறது.

அதனால்தான் பல கம்பெனிகளின் சர்வீஸ் கையேடுகளில் லீவர் பிவட்டுக்கும் மாஸ்டர் பிஸ்டன் முனைக்கும்கூடச் சிலிக்கான் கிரீஸ் என்று தனியாகக் குறித்திருக்கிறார்கள். அளவைப் பார்த்தால் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு போன்ற அளவு. சில நெல்மணிகள் சேர்ந்த அளவுதான். பின் பிரேக் பெடலின் பிவட்டுக்கு ஏபி3 போதும், அது ஹைட்ராலிக் ரப்பரிலிருந்து தள்ளி இருக்கும் இரும்பு.

சரி, ரப்பரோடு ஒத்துப்போகும் கிரீஸ் எது? இரண்டைச் சொல்வேன்.

முதலாவது பழையது, நம் மண்ணோடு தொடர்புள்ளதும்கூட. ஹைட்ராலிக் பிரேக்கின் ஆரம்ப காலத்தில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத்தான் பரவலாக ஊற்றினார்கள். அன்றைய சீல்கள் இயற்கை ரப்பர். பெட்ரோலிய எண்ணெயில் கரைந்து கூழாகும் இயற்கை ரப்பர், விளக்கெண்ணெயில் தாக்குப்பிடித்தது. அந்த வழியில் வந்ததுதான் பிரேக் ரப்பருக்கென்றே விற்கும் சிவப்பு ரப்பர் கிரீஸ். அதன் அடிப்படை ஆமணக்கு போன்ற தாவர எண்ணெய். உலகத்தின் ஆமணக்கில் பெரும்பங்கு விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். சேலம், நாமக்கல் பக்கம் நிலக்கடலைக் காட்டு வரப்பில் ஆமணக்கு நட்டிருப்பதை நீங்களும் பார்த்திருக்கலாம். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் தனி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அதற்காக வீட்டு விளக்கெண்ணெயைக் கேலிப்பரில் தடவிவிடாதீர்கள். ரப்பர் கிரீஸில் அதைக் கெட்டியாக்கி, துருப்பிடிக்காமல் இருக்கவும் சிக்காமல் இருக்கவும் மருந்து சேர்த்திருக்கிறார்கள். வெறும் எண்ணெய் சூட்டில் பிசினாகிவிடும்.

இங்கே ஒரு பெரிய ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். கடையில் போய்ச் "சிவப்பு கிரீஸ் குடுங்க" என்று கேட்டால் இரண்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். ரப்பர் கிரீஸும் சிவப்பு. அதிக சூடு தாங்கும் வீல் பேரிங் கிரீஸிலும் சிவப்பு நிறத்தில் வருவது நிறைய. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ரப்பருக்கு ஒன்று நண்பன், மற்றது எமன். கிரீஸின் நிறம் கம்பெனி கலக்கும் சாயம். அதற்கும் குணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீலம் என்றால் இது, சிவப்பு என்றால் அது என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். பிரேக் ரப்பர் பாகங்களுக்கு உகந்தது என்றோ, ஈபிடிஎம்முக்கு ஏற்றது என்றோ, கேலிப்பர் பின்னுக்கு என்றோ தெளிவாக அச்சடித்திருக்க வேண்டும். பலவித உபயோகத்துக்கு என்று மட்டும் இருந்தால் அது பிரேக் ரப்பருக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சிலிக்கான் கிரீஸ். கேலிப்பர் பின்னுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஈபிடிஎம்மை உப்பச் செய்யாது, தண்ணீரில் எளிதில் கழுவிப் போகாது, நல்ல சிலிக்கான் கிரீஸ் 200 டிகிரி செல்சியஸ் வரை உருகி ஓடாமல் நிற்கும். ராமேஸ்வரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றோடு மழையும் சேரும்போது பின்னைக் காப்பாற்றுவது இந்தத் தண்ணீர் ஒட்டாத குணம்தான். டியூபில் பார்க்க விலை அதிகமாகத் தெரியும். ஒரு கேலிப்பருக்குத் தேவைப்படும் அளவைப் பாருங்கள், அரைக் கிராமோ ஒரு கிராமோதான். சின்ன டியூப் ஒன்று பல வண்டிகளுக்கு வரும். கேலிப்பர் ரிப்பேர் கிட்டுகளில் சிலவற்றோடு சின்னப் பாக்கெட்டில் ஒரு கிரீஸ் வரும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு டப்பாவுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். அந்தப் பாகத்தைச் செய்தவன் அதற்கு எது வேண்டும் என்று யோசித்து வைத்தது அது.

வைக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. பழைய கிரீஸின் மேலேயே புதியதைத் தடவினால் பழைய எண்ணெய் உள்ளேயே இருக்கும். பின்னையும் பின் போகும் துளையையும் முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். பிரேக் கிளீனர் ஸ்பிரே உலோகத்துக்கு நல்லது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடலாம், இல்லையென்றால் புதிய பிரேக் ஆயிலாலேயே துடைக்கலாம். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் ஆகாது, கிரீஸ் செய்யும் கெடுதலை இவை இன்னும் வேகமாகச் செய்யும். ஏற்கெனவே உப்பிய பூட்டை எந்தக் கிரீஸும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. புதிது போடுங்கள்.

பின்னின் மேல் பளபளப்பாகத் தெரியும் அளவுக்கு ஒரு மெல்லிய பூச்சு போதும். துளைக்குள் கிரீஸை அடைத்துவிட்டுப் பின்னைத் தள்ளினால், அடியில் சிக்கிய காற்றும் கிரீஸும் பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பூட் பலூன்போல வீங்கும். கேலிப்பர் சுலபமாக நகர வேண்டும் என்று வைத்த கிரீஸே அதை நகரவிடாமல் செய்துவிடும். சில கேலிப்பர்களில் இரண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்காது, ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். அவற்றை இடம் மாற்றிப் போடாதீர்கள். பேடு தொங்கும் கம்பியில் ஓ-ரிங் இருந்தால் அதற்கும் ஒரு துளி சிலிக்கான் வையுங்கள், அடுத்த முறை கழற்றும்போது கேலிப்பருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளாது.

பிஸ்டன் சீலை மாட்டும்போது சிலிக்கான் வேண்டாம். அங்கே நல்லது புதிய பிரேக் ஆயில்தான். சிலிக்கான் கிளைக்காலோடு கலக்காது, உள்ளே போனால் தனியாக மிதந்துகொண்டு இருக்கும். சீலை, உள்ளே இருக்கும் திரவத்திலேயே நனைத்து மாட்டுவது எல்லாக் கம்பெனியும் ஒப்புக்கொள்ளும் முறை. நனைக்கும் ஆயில் புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து வரட்டும். டாட் 4 காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம்.

பேடின் பின்புறத்துக்கு வருவோம். கீச்சென்று சத்தம் வந்தால் காப்பர் கிரீஸ் தடவுவது பரவலான பழக்கம். அதில் தாமிரத் துகளைச் சுமந்துவரும் எண்ணெய் பெரும்பாலும் பெட்ரோலியம்தான். சூட்டில் எண்ணெய் எரிந்துபோய்த் தாமிரம் மட்டும் மிஞ்சி, இரும்பு இரும்போடு ஒட்டாமல் காக்கிறது. சைலன்சர் போல்ட்டுக்கு அது அருமையான பொருள். கேலிப்பர் அலுமினியம். தாமிரமும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். பிஸ்டனின் தூசி காக்கும் ரப்பர் பேடின் பின்புறத்திலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஏபிஎஸ் சென்சாரின் பக்கத்தில் உலோகத் துகள் கலந்த பசை வேண்டாம் என்று பிரேக் உற்பத்தியாளர்கள் பலர் சொல்கிறார்கள். இப்போது அந்த வேலைக்கென்றே செராமிக் பசை கிடைக்கிறது. உலோகம் இல்லாதது, ரப்பருக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும். பேடின் தகடு பிஸ்டனைத் தொடும் இடத்திலும், தகட்டின் காதுகள் உட்காரும் இடத்திலும் நகத்தால் வழித்தெடுக்கும் அளவு போதும். உண்மையைச் சொன்னால், சத்தத்துக்குப் பாதிக் காரணம் காதுகள் உட்காரும் பள்ளத்தில் சேர்ந்த துருவும் தூசியும்தான். சுத்தம் செய்தாலே பல வண்டிகளில் சத்தம் நின்றுவிடும்.

இதுவரை படித்துவிட்டு, இனி எல்லாவற்றுக்கும் சிலிக்கான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டிரம் பிரேக்கில் கதையே வேறு.

ஸ்பிளெண்டர், பிளாட்டினா, எக்ஸ்எல் சூப்பர் என்று நம் ஊர்ச் சாலையில் ஓடும் வண்டிகளில் எத்தனையோ லட்சம் டிரம் பிரேக் வண்டிகள். அங்கே பிரேக் பிளேட்டுக்குள் ஒரு கேம் சுழன்று ஷூக்களை விரிக்கிறது. மறு முனையில் ஆங்கர் பின். இரண்டும் இரும்பு இரும்பை அழுத்திக்கொண்டு நகரும் இடங்கள். பிரேக் ஆயிலும் கிடையாது, ஈபிடிஎம் கப்பும் கிடையாது. அழுத்தமும் சூடும்தான் இங்கே கணக்கு. சிலிக்கான் கிரீஸ் இரும்போடு இரும்பு அழுத்தமாக உரசும் இடத்தில் பலவீனமானது, படலம் கிழிந்துவிடும். இங்கே தேவை லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை, அல்லது மாலிப்டினம் கலந்த அதிக வெப்ப கிரீஸ்.

சூட்டுக் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் கெட்டித்தன்மை இழந்து சொட்டத் தொடங்கும் வெப்பநிலையை டப்பாவிலோ கம்பெனித் தாளிலோ போட்டிருப்பார்கள். சேஸிஸ் கிரீஸ் என்று விற்கும் மலிவான கால்சியம் வகை 100 டிகிரியைத் தொடும் முன்பே தளர்ந்துவிடும். சாதாரண லித்தியம் 180 டிகிரியை ஒட்டிச் சொட்டும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் 250 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். வேலை செய்யும் சூடு இந்த எண்களைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ இரண்டு பேர் உட்கார்ந்து இறங்கும் வண்டியின் பின் டிரம் எவ்வளவு சூடாகும் என்பது அந்த ஊர்ப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அங்கே மலிவான கிரீஸ் உருகினால் நேராக லைனிங்கில்தான் வழியும். எண்ணெய் குடித்த லைனிங்கை உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. மேற்பரப்பு போனாலும் உள்ளே ஊறியது சூட்டில் மறுபடியும் வெளியே வரும். டிஸ்க் பேடுக்கும் இதே விதி. எண்ணெய் பட்டதென்றால் ஜோடியாக மாற்றுங்கள்.

டிரம்மில் கேம் போகும் துளையிலும், கேம் ஷூவைத் தொடும் முகத்திலும், ஆங்கர் பின்னிலும் துணியில் ஒற்றி எடுத்ததுபோல் ஒரு படலம். அதற்கு மேல் கண்ணில் பட்டால் துடைத்துவிடுங்கள். ஷூவைத் தொடும் முன் கையைக் கழுவுங்கள். கிரீஸ் கையோடு லைனிங்கைப் பிடித்து மாட்டுவதைத்தான் நான் பட்டறைகளில் அதிகம் பார்க்கிறேன்.

2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ், 125 சிசி வரை குறைந்தது கூட்டு பிரேக் என்று சட்டம் வந்தது. கூட்டு பிரேக் உள்ள சின்ன வண்டிகளில் ஒரு பெடலை அழுத்தினால் கேபிளும் நெம்புகோலும் வழியாக முன் பிரேக்கும் பிடிக்கும். அந்த நெம்புகோல் பிவட்டில் துருப்பிடித்து நின்றுவிட்ட வண்டிகள் ஏராளம். ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. பின் பிரேக் பிடிக்கிறதே என்று போய்க்கொண்டிருப்பார். சர்வீஸின்போது பெடலை அழுத்தி முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். அந்தப் பிவட்டில் லித்தியம் கிரீஸ் தாராளமாகப் போகலாம்.

உதிரிபாகக் கடை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து தாலுகா ஊர் பஸ் ஸ்டாண்டு கடை வரை மெக்கானிக் கேட்பதைத்தான் நீங்கள் வாங்கி வைப்பீர்கள், அதில் தவறில்லை. பேடு செட்டும் கேலிப்பர் கிட்டும் விற்கும் அதே மேசையில் சிலிக்கான் கிரீஸின் சின்ன டியூபையும் வையுங்கள். பெரிய டப்பாவிலிருந்து அள்ளிப் பாலித்தீன் கவரில் கட்டிக் கொடுக்கும் வழக்கம் பிரேக் கிரீஸில் கூடவே கூடாது. பெயர் இல்லாத கவருக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது, ஒரு மாதம் கழித்து விற்றவருக்கும் தெரியாது.

காசு விஷயத்தையும் பேச வேண்டும். "சர்வீஸ் சார்ஜே கொடுக்க மூக்கால் அழுகிறார்கள், இதில் தனி கிரீஸுக்கு யார் கொடுப்பார்கள்" என்று நீங்கள் கேட்பது நியாயம். பில்லில் "பிரேக் பின் சுத்தம், சிலிக்கான் கிரீஸ்" என்று தனி வரியாக எழுதுங்கள். கழற்றிய உப்பிய பூட்டை வாடிக்கையாளர் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தன் குழந்தையை முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறவர் அதைத் தொட்ட பிறகு அந்தக் காசுக்கு மறுப்புச் சொல்ல மாட்டார். வாடிக்கையாளர்களாகிய எங்களிடமும் தவறு இருக்கிறது. எண்ணெய் மாற்றினீர்களா, செயின் இறுக்கினீர்களா என்று கேட்கும் நாங்கள், பிரேக்கில் என்ன வைத்தீர்கள் என்று கேட்டதே இல்லை. இனிக் கேட்போம்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவி, சாமான்களைத் துடைத்து அடுக்குவீர்கள். வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முந்திய நேரம் அது. அன்றைக்குக் கிரீஸ் டப்பாக்களையும் பிரித்து வையுங்கள். பேரிங்குக்கு இருக்கும் ஏபி3 அதன் இடத்தில் இருக்கட்டும். டிரம் கேமுக்கு அதிக வெப்ப கிரீஸ் ஒரு சின்ன டப்பா, பேடு முதுகுக்குச் செராமிக் பசை, ரப்பர் உள்ள இடத்துக்குச் சிலிக்கான் டியூப். ஒவ்வொன்றின் மேலும் எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கும் புரியும்படி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குச்சி வையுங்கள், விரல் வேண்டாம். மழை தொடங்கியதும் வரும் முதல் டிஸ்க் வண்டியில் பின்னை உருவிப் பாருங்கள்.

அன்புடன்,
ரப்பர் தொழிலில் இருந்த, உங்கள் வாடிக்கையாளர் ஒருவன்